நம்மூர்க் கணக்கு நோட்டுகள்

வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் நம்மூர்க்காரர் பதில் ஊர்ப் பெயரோடு முடிவதில்லை. "ராஜபாளையம் தென்காசி ரோட்டுல, சிவகிரி தாண்டி, புளியங்குடிக்கு முந்தி" என்று நாலு ஊரை முட்டுக்கொடுத்துத்தான் வாசுதேவநல்லூரை நிறுத்த வேண்டியிருக்கிறது. தேர்தல் வந்தால் மட்டும் கதை மாறும். சட்டமன்றத் தொகுதிக்கு நம்மூர்ப் பெயர். நகராட்சியான புளியங்குடியும், வட்டத் தலைநகரான சிவகிரியும், ராயகிரியும் அந்தப் பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாக்கு எண்ணி முடிந்ததும் பழையபடி பட்டா மாறுதலுக்குச் சிவகிரி, எலுமிச்சை விலைக்குப் புளியங்குடி, ரயிலுக்குச் சங்கரன்கோவில் என்று நாம்தான் புறப்பட வேண்டும்.

ரயில் விஷயம் பழைய கதை. 1927-இல் விருதுநகர் தென்காசிப் பாதை போட்டபோது ராஜபாளையம் வரை மலையோரமாக வந்த தண்டவாளம் அங்கிருந்து கிழக்கே ஒதுங்கிச் சங்கரன்கோவிலைத் தொட்டுக்கொண்டு, பாம்புக்கோவில் சந்தை வழியாகக் கடையநல்லூர் போய்ச் சேர்ந்தது. சிவகிரியும் நாமும் புளியங்குடியும் அந்த வளைவுக்கு மேற்கே நின்றுவிட்டோம். நமக்கு வாய்த்தது சாலை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலைதான் நம்மூரின் ஓட்டமும் இரைச்சலும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட வண்டிகள், மற்ற நாளில் கேரளத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள். இருபதாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு பேரூராட்சி இந்தச் சாலையை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறது.

அரசாங்கம் தந்த பெரிய அலுவலகம் என்றால் ஊராட்சி ஒன்றியம் ஒன்றுதான். 1958-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் அமைந்தபோது சுற்றுக் கிராமங்களுக்கு வாசுதேவநல்லூர் தலைமையிடமானது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊராட்சிகளில் நூறு நாள் வேலை வந்தது. தலைமையிடமான நமக்கு வரவில்லை, ஏனென்றால் நாம் பேரூராட்சி. வயலும் கூலி வேலையும் அவர்களைப் போலவேதான், சட்டத்தின் கண்ணில் மட்டும் நாம் நகரத்தார். 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது பெரிய ஆறுதல். ஆட்சியரைப் பார்க்கத் திருநெல்வேலி வரை போய் வந்த பாதி நாள் மிச்சம்.

விழா மலருக்கு ஊர் வரலாறு என்றால் எல்லாரும் எதிர்பார்ப்பது கோட்டையைத்தான். அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள். சொல்கிறேன்.

நெல்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளில் வலிமை மிக்கது வாசுதேவநல்லூர் மண்கோட்டை. மலை பக்கத்திலேயே இருந்ததால் உள்ளே இருப்பவர்க்கு உதவி வருவதற்கும், தேவைப்பட்டால் நழுவிப் போவதற்கும் தோதான இடம். 1759 டிசம்பரில் கான்சாகிபு என்ற யூசுப்கான், கம்பெனிச் சிப்பாய்களோடும் திருவிதாங்கூர்ப் படையோடும் வந்து முற்றுகையிட்டார். பீரங்கி சுவரைப் பிளந்தது. ஆனால் சத்தம் கேட்டு நெல்கட்டும்செவலிலிருந்து கிளம்பிய பூலித்தேவரின் ஆட்கள் பின்பக்கமாக வந்து பாளையத்தைத் தாக்கினார்கள். சுவரில் ஏறியவர்கள் திரும்பவேண்டி வந்தது. கான்சாகிபு திருநெல்வேலிக்குப் பின்வாங்கினார். தென்பாண்டிச் சீமையில் தோல்வி அதிகம் அறியாத ஒரு தளபதிக்கு நம்மூர் கொடுத்த அடி அது. ராபர்ட் ஓர்ம் தன் போர் வரலாற்றில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் இது உண்டு. ஓர்ம் கையில் நம்மூர்ப் பெயர் 'வாஷினெல்லூர்' ஆகிவிட்டதால், வரலாறு படிக்கும் பிள்ளைகளே பல நேரம் இது நம்மூர் என்று தெரியாமல் தாண்டிப் போகிறார்கள்.

1761-இல் கான்சாகிபு திரும்பி வந்து நெல்கட்டும்செவல், பனையூர், வாசுதேவநல்லூர் மூன்றையும் பிடித்தார். 1764-இல் அவரையே மதுரையில் தூக்கிலிட்டார்கள். அதன்பின் மீண்டும் தலைதூக்கிய பாளையத்தை அடக்க 1767-இல் கர்னல் டொனால்டு கேம்பெல் வந்து நம் கோட்டையை முற்றுகையிட்டார். இந்த முற்றுகையைப் பற்றி எதிரியே வியந்து எழுதிவைத்திருப்பதுதான் எனக்கு 1759-ஐ விடப் பெரிதாகப் படுகிறது. பீரங்கிக் குண்டு விழுந்து சுவர் உடைய உடைய, உள்ளே இருந்தவர்கள் பனையையும் வைக்கோலையும் திணித்து அடைத்திருக்கிறார்கள். ஒருவர் விழுந்த இடத்தில் அடுத்தவர் வந்து நின்றிருக்கிறார். கடைசியில் மழை கொட்டிய ஓர் இரவில் கோட்டையை விட்டு மலைப்பக்கம் போய்விட்டார்கள். வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் பனையையும் வைக்கோலையும் வைத்துக்கொண்டு பீரங்கிக்கு எதிரே இத்தனை நாள் நின்றது நம் வயல்காட்டு அறிவு.

வாய்மொழிக் கதைகளில் வெண்ணிக் காலாடி, ஒண்டிவீரன் என்ற இரண்டு பெயர்கள் வருகின்றன. குடல் சரிந்த வயிற்றைத் துணியால் கட்டிக்கொண்டு போரிட்டவர் காலாடி என்பது ஊர் சொல்லும் கதை. இவர்களும் பூலித்தேவரும் ஒரே சமூகத்தார் அல்ல. இன்றைக்கு ஆகஸ்ட் 20-இல் ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1-இல் பூலித்தேவர் பிறந்த நாள், இரண்டுக்கும் நடுவில் மாவட்டம் முழுக்க போலீஸ் காவல், தடையுத்தரவு. கோட்டைக்குள் சேர்ந்து நின்றவர்களை நாம் நாள்காட்டியில் பிரித்து வைத்திருக்கிறோம். மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும். இதை எழுதாமல் கோட்டைப் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. கோட்டைகளின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கட்டபொம்மனை வீழ்த்திய 1799-இல் பாளையக்காரர் கோட்டைகளை இடித்துத் தள்ள மேஜர் பானர்மன் உத்தரவிட்டார். நெல்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு அரசு நினைவு மாளிகை இருக்கிறது. முற்றுகையைத் தாங்கிய ஊர் நம்முடையது என்பதும் நெடுஞ்சாலையில் போகிறவருக்குத் தெரிய வேண்டும்.

கோட்டைக்கும் முந்தியது கோயில். சிந்தாமணிநாதர் கோயில் மூலவர் அர்த்தநாரீசுவரர். அம்மையப்பன் பாதிபாதியாக நிற்கும் உருவத்தைப் பல கோயில்களில் சுவரில், கோஷ்டத்தில் பார்க்கலாம். கருவறையில் பார்ப்பது அரிது. திருச்செங்கோடு என்றால் எல்லாருக்கும் தெரியும், நம்மூரைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள். சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று அடம்பிடித்த பிருங்கி முனிவருக்குப் பாடம் புகட்டத் தேவி இடப்பாகம் கொண்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலமரம் புளி. இந்தக் கரிசல் ஓரத்தில் வேறென்ன மரம் நிற்கும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஆனால் ஊரை ஊராக்கியது கோயிலா, கோட்டையா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் விட்டுவிட்டுக் குளத்துக் கரையைக் காட்டுவேன்.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி ஆடியில் நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவமழை தென்காசியை நனைத்துவிட்டு, வடக்கே நம் பக்கம் வரும்போது கைப்பிடித் தூறலாகிவிடும். மலை உச்சியில் மேகம் கருத்துக்கொண்டு நிற்கும்; அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டத்துக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். குளம் நிறைய வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ய வேண்டும், மலையிலிருந்து ஓடை இறங்க வேண்டும். மேற்கே தலையணையில் மறித்து நிற்கும் தண்ணீரை இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குளிக்கும் இடமாகத்தான் அறியும். அணை எதற்குக் கட்டுவார்கள் என்பதை அந்தக் கூட்டத்துக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே, எல்லைக்கு அப்பால் கேரள வனத்துக்குள் இருக்கிறது செண்பகவல்லித் தடுப்பணை. மேற்கே போகும் ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கை மறித்துக் கால்வாய் வழியாகக் கிழக்கே திருப்பி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டுவந்த பழைய ஏற்பாடு அது. சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் இருந்த காலத்தில் பிறந்த ஏற்பாடு. ஜமீனும் போய், சமஸ்தானமும் போய், இடையில் ஒரு மாநில எல்லை வந்து விழுந்தது. 1960-களில் அணை உடைந்தது. 1980-களில் சீரமைப்புக்கென்று தமிழ்நாடு தன் பங்குப் பணத்தைக் கேரளத்துக்குக் கட்டியது. வேலை நடக்கவில்லை, பல ஆண்டு கழித்துப் பணம் திரும்பி வந்தது. வழக்கு, மனு, உண்ணாவிரதம் எல்லாம் நடந்தாயிற்று. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் செண்பகவல்லியை வாக்குறுதியில் எழுதுகிறது. முல்லைப் பெரியாறு தெரிந்த அளவுக்கு இந்த அணையின் பெயர் மதுரைக்கு வடக்கே யாருக்கும் தெரியாது. சின்ன அணை, சின்ன ஊர், அதனால் சின்னச் செய்தி.

குளத்துக்கு வருகிறேன். மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பிரித்து விடுவது, மறுகால் பாயும்போது கரையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் மடைக்குடும்பன் வேலை. அறுவடையானதும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிட வேண்டும். ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு இத்தனை பேர் என்று அனுப்பிக் கால்வாய் வெட்டுவது குடிமராமத்து. 1858-இல் வெள்ளைக்கார அரசு இதைக் கட்டாயச் சட்டமாக்கிப் பார்த்தது. 2017-ஐ ஒட்டித் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தீட்டியது. இரண்டுக்கும் நடுவில் பொதுப்பணித்துறை குளத்தை ஏற்றுக்கொண்டதும், ஆயக்கட்டுக்காரன் கிணறும் மோட்டாரும் போட்டுக்கொண்டு குளத்தை மறந்ததும் நடந்தன. யாரைக் குறை சொல்வது? இலவச மின்சாரம் இருக்கும்போது மடைக்குடும்பனுக்கு நெல் அளக்க எவனுக்கு மனம் வரும். ஆனால் எந்த வயலுக்கு எந்த மடை, எந்த ஆண்டு மறுகால் போயிற்று, யார் வீட்டு ஆள் வேலைக்கு வரவில்லை என்ற விவரமெல்லாம் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் நோட்டாகக் கிடக்கிறது. நம்மூரில் நிர்வாகம் என்பது முதலில் அந்த நோட்டில்தான் நடந்தது.

இரண்டாவது நோட்டு கோயில் கொடைக் கணக்கு. வெளியூர்க்காரருக்குக் கொடை என்றால் மேளமும் சாமியாட்டமும்தான் தெரியும். அதன் நடுநாடியே வரி எழுதுவது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவரை இழந்த தாய்மார் வீட்டுக்குச் சில கோயில்களில் அரை வரி, சிலவற்றில் வரியே கிடையாது. பிழைக்கப் போனவர் பெயரும் பட்டியலில் இருக்கும். சென்னையில் மளிகைக் கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி, மும்பை, துபாய் என்று எங்கிருந்தாலும் வரி வரும். முன்பு மணியார்டர், இப்போது செல்போன். வரி கட்டாதவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். இந்த வாசிப்புக்குப் பயந்து கட்டியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு, பக்தியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கால்நாட்டு, முளைப்பாரி, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை எல்லாம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு கணக்கு ஒப்படைக்கும் கூட்டம். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, மைக்செட், சமையல், கணியானுக்குச் சன்மானம் என்று ஒருவர் உரக்கப் படிப்பார். "பூ விலை போன வருசம் இவ்வளவு இல்லையே அண்ணாச்சி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். பதில் சொல்லாமல் அண்ணாச்சி எழுந்து போக முடியாது. மிச்சப் பணம் ஊர்க்காரர் ஒருவருக்கே வட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் அண்டா, குண்டா, ஜமுக்காளம், பந்தல் சாமான் வாங்குவார்கள். அவை ஊர்க் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் குறைந்த வாடகைக்குப் போகும். அந்த வாடகை மறுபடி நோட்டில் வரவாகும். ஏலம், வட்டி, வாடகை, தணிக்கை என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நடப்பதெல்லாம் பதிவு எண் இல்லாமலே நடந்துவிடுகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பொருளாளர்கள் எழுதிய அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் ஊர் விடாது.

குறையும் உண்டு. நோட்டு அந்தந்தச் சமூகத்துக்குத் தனித்தனி. ஒரே தெருவில் இரண்டு கொடை, இரண்டு கணக்கு, இரண்டு அண்டா. பெண்கள் முளைப்பாரி சுமப்பார்கள், கணக்குக் கூட்டத்தில் உட்கார மாட்டார்கள். மகளிர் குழுக்கள் வந்த பிறகுதான் நம்மூர்ப் பெண்கள் கையில் ஒரு கணக்கு நோட்டு வந்தது. அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆண்கள் எழுதியதைவிடக் கையெழுத்து மட்டுமல்ல, கணக்கும் சுத்தம்.

மகமை இன்னொரு வகை. இந்த வட்டாரத்துப் பேட்டைகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்து வைத்த சில்லறைதான் விருதுநகரிலிருந்து தெற்கே எத்தனையோ பள்ளிக்கூடமாக எழுந்து நிற்கிறது. அரசு நல்ல பள்ளி கட்டித் தரும் வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை கையெழுத்துப் போடாமலே போயிருக்கும். இன்றைக்கு நம்மூர்ப் பக்கமே எஸ். தங்கப்பழம் வேளாண்மைக் கல்லூரி, இயற்கை மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று வந்துவிட்டன. வெளிமாவட்டப் பிள்ளைகள் நம்மூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டோம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நாம் நம்பியது வேறொன்றை. 1980-களின் கடைசியில் தரணி சர்க்கரை ஆலை வந்தது. நெல்லும் பருத்தியும் போட்ட நிலங்கள் கரும்புக்கு மாறின. அரவைக் காலத்தில் ராத்திரி முழுக்க டிராக்டர் வரிசை நிற்கும், டீக்கடைகள் மூடாது, பாகு வாசனை ஊர் வரை வரும். தொழிற்சாலை என்ற சொல்லுக்கு நம்மூரில் முதன்முதலாக ஓர் உருவம் கிடைத்தது அப்போதுதான். கடந்த பத்தாண்டின் கடைசியில் அரவை நின்றது. வெட்டிக் கொடுத்த கரும்புக்கு நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் ஆட்சியர் அலுவலகம் வரை போய்ப் போராடிய செய்திகள் நாளிதழ்களில் வந்தன. கரும்பு போட்டவர்கள் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் திரும்பினார்கள். அங்கே யானை காத்திருக்கிறது. மேற்கு மலைச்சரிவு நெல்லை வன உயிரினச் சரணாலயமானது 2015-இல். யானைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது, தென்னங்குருத்து தெரியும்.

அரசியலை நாலு வரியில் முடிக்கிறேன். 1977, 1980 தேர்தல்களில் மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்த தொகுதி இது. அடுத்து 1984 தொடங்கி 2001 வரை ஐந்து தேர்தலிலும் ஆர். ஈசுவரனே உறுப்பினர்; முதலில் காங்கிரஸ், பிறகு தமிழ் மாநிலக் காங்கிரஸ். 2006-இல் மறுமலர்ச்சி திமுகவின் சதன் திருமலைக்குமார், 2011-லும் 2016-லும் அதிமுக, 2021-இல் மறுபடி திருமலைக்குமார். பெரிய கட்சிகளின் கூட்டணிக் கணக்கில் யாருக்காவது ஒதுக்கித் தரப்படும் தொகுதியாகவே நெடுங்காலம் இருந்தது நமக்கு நல்லதா கெட்டதா என்று தேரடியில் இன்னும் பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. தனித் தொகுதி என்பதால் இங்கே நிற்பவர்கள் பட்டியல் சமூகத்தவர். ஓட்டுக் கேட்டு எல்லாத் தெருவுக்குள்ளும் அவர்கள் நடந்து வந்தாக வேண்டியிருந்தது. அந்த நடையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இவ்வளவும் எழுதப் போதுமான ஆவணம் எங்கே இருக்கிறது என்று தேடியபோதுதான் நம் வறுமை தெரிந்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்று ஒரு சின்ன நகரம். 1920-களில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற கணவனும் மனைவியும் அங்கே போய்த் தங்கி, ஊரார் எப்படிப் பிழைக்கிறார்கள், வீடு எப்படி நடக்கிறது, பிள்ளைகளை எப்படிப் படிக்கவைக்கிறார்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள், ஊர்ப் பொதுக்காரியம் எப்படி நடக்கிறது என்று கேட்டு எழுதி 1929-இல் புத்தகமாக்கினார்கள். எந்தச் சிறப்பும் இல்லாத ஊர் என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்களாம். நூறு வருடமாக அந்த ஊரை ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. அதற்கும் முன்பே, 1916-ஐ ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை விட்டுத் தென்னிந்தியக் கிராமங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். தெற்கே கங்கைகொண்டானும் வடமலாபுரமும் அதில் இடம்பெற்றன. இருபது வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். அந்த ஊர்களில் அன்றைக்கு யாருக்கு எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்பது இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. அந்த மாணவர் எவரும் நம்மூர்க்காரராக இல்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. விஷயம் நம் பரணில் இருக்கிறது. குளத்து ஆயக்கட்டு நோட்டு, கொடை வரவு செலவு, மகமைப் பேரேடு, மகளிர் குழுத் தீர்மானப் புத்தகம், ஆலைக்குக் கரும்பு போட்ட சீட்டு, பள்ளிக்கூடக் குழுப் படம், பழைய கலியாணப் பத்திரிகை, மண்டகப்படி நோட்டீஸ், எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எந்த வருடம், எந்தத் தெரு, எந்தக் கோயில் என்ற குறிப்போடு ஊர் நூலகத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். படிக்க வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அவற்றைப் பிரித்து அடுக்குவார்கள். அடுத்த மலரில் இந்த ஊரின் வரலாற்றை என்னைப் போல் ஒருவர் கேள்விப்பட்டதை வைத்து எழுதும் நிலை வரக்கூடாது. நெடுஞ்சாலையோரத்தில் 1759, 1767 என்ற இரண்டு ஆண்டுகளும், அந்த மதிலுக்குள் நின்ற எல்லாச் சமூகத்தார் பெயரும் பொறித்த ஒரு கல்லைப் பேரூராட்சி நிறுத்தட்டும். செலவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால், முதல் வரி என்னுடையது.